சந்தனம் வைத்த பதினொரு ஃப்ளொப்பிகள்

எனக்குப் பொறுமை கிடையாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சோறு ஆறும்வரை காத்திருக்க முடியாமல் நாக்கைச் சுட்டுக்கொண்டு, பிறகு சோற்றைத் திட்டுகிற பிறவி நான். அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய்த் தெரணியகலை பஜாரில் ஒரு கொமினிகேஷன் கடையில், டெலிபோன் வயரில் இணையம் இழுக்கிற கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார வைத்தது, விதி செய்த குசும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்த காலம் அது. கடையில் இருந்தது ஒரே ஒரு டெலிபோன் லைன். வெளிநாட்டுக்குப் பேச வருகிறவர்கள் பேசுவதும் அதில்தான், கொம்பியூட்டர் இணையத்துக்குப் போவதும் அதில்தான். மோடம் கீச்சென்று கத்தத் தொடங்கினால் கடையில் நிற்கிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், நானே கத்திவிட்டதைப் போல. போட்டோக் கொப்பி எடுப்பது, அடையாள அட்டைக்கு லெமினேட் போடுவது, பின்னேரங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு டைப் பண்ணப் பழக்குவது எல்லாம் என் வேலை. மொதலாளி எங்கள் ஆட்கள்தான். மூன்று தலைமுறையாக பஜாரில் கடை வைத்திருக்கிற குடும்பம். நல்ல மனிதர், பக்தி கொஞ்சம் அதிகம். நான் மெஷினைத் திட்டினால், அதுவும் லெட்சுமிதான், திட்டாதே என்பார்.

அக்கா துபாய்க்குப் போய் அப்போது ஐந்து வருடம். ஒரு வீட்டில் பிள்ளை பார்த்து, சமைத்து, துவைத்துப்போடுகிற வேலை. இரண்டு வருடத்தில் வருகிறேன் என்று போனவள், ஒப்பந்தம் முடிய முடிய நீட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு அவள் ஆறு வயது மூப்பு. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டின் ஒற்றை அறையில், ஒரே பாயில், ஒரே போர்வையில் படுத்தவர்கள் நாங்கள். அவள் போன முதல் மாதம் எனக்குத் தலை பின்னத் தெரியவில்லை, அத்தனை நாளும் அவள்தான் பின்னிவிட்டிருந்தாள். பதினேழு வயதுக் குமரி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அழுததை இப்போது சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அன்றைக்குச் சிரிப்பாக இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் அக்கா கடை நம்பருக்கு எடுப்பாள். அம்மா தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து காத்திருப்பாள். பேசுவது கொஞ்சநேரம்தான். சாப்பிட்டியா, குளிச்சியா, காய்ச்சல் வந்துச்சா, அவ்வளவுதான். ரிசீவரை வைத்த பிறகு அம்மா அதைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அம்மாவுக்கு றப்பர் பால் வெட்டுகிற வேலை. அவள் வெட்டினால் கோடு இழுத்தமாதிரி இருக்கும் என்று கங்காணியே சொல்வார். அந்த வருடம் அம்மாவின் கத்தி பட்டையைத் தாண்டி மரத்துக்குள் இறங்கத் தொடங்கியது. ஒரு மலையில் பத்துப் பதினைந்து மரத்துக்குக் காயம். கங்காணி ஏசினார். அம்மா எதிர்த்து ஒன்றும் பேசாமல் நின்றதைப் பார்த்த பிறகுதான், கண்ணில் ஏதோ கோளாறு என்று எனக்கு உறைத்தது.

இரத்தினபுரிக்கு கிளினிக் கூட்டிப் போனேன். டொக்டர் நல்ல மாதிரி. கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, நீரிழிவு, அந்தச் சீனி வருத்தம், கண்ணுக்குப் போய்விட்டது, போன பார்வை இனித் திரும்பாது, மிச்சம் இருப்பதும் எத்தனை மாதத்துக்கு என்று சொல்ல முடியாது என்று என்னிடம் சிங்களத்தில் சொன்னார். நான் அம்மா பக்கம் திரும்பி, மருந்து போட்டால் மெல்ல மெல்ல சரியாகிவிடுமாம் என்று தமிழில் சொன்னேன். அம்மா தலையாட்டினாள். பஸ் நிலையத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகு சொன்னாள்.

"எனக்கும் சிங்களம் தெரியும்டி. நாப்பது வருஷமா இந்த ஊருலதான இருக்கேன்."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது போறதுக்குள்ள பெரியவள ஒரு தடவ பாத்துறணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

போட்டோ இருக்கிறதே என்றேன். அக்கா அனுப்பிய இரண்டு போட்டோ சாமிப் படத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. போட்டோவில் அவள் சிரிக்கச் சொன்னதற்காகச் சிரிக்கிறாள், அது அவள் சிரிப்பே இல்லை என்றாள் அம்மா.

அடுத்த வெள்ளிக்கிழமை டெலிபோனில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அக்கா அழுதாள். உடனே வருவதென்றால் பாஸ்போர்ட் வீட்டுக்காரர்களிடம், ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருடம். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். அவள் பார்க்கிற பிள்ளைகளில் மூத்தவள், அந்த வீட்டு மகள், தன் கொம்பியூட்டரில் ஆள் முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஒரு புரோகிராம் வைத்திருக்கிறாளாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அதில் அக்காவைப் பேச விடுவதாகச் சொல்லியிருக்கிறாளாம். ஆனால் அந்தப் பெண் மாசி மாதத்தோடு படிப்புக்கு வேறு நாடு போகிறாள், கொம்பியூட்டரும் அவளோடு போய்விடும். அதற்குள் எங்கள் மெஷினிலும் அதே புரோகிராமைப் போட்டுவிட வேண்டும்.

இது ஒரு வேலையா என்று நினைத்தேன். கடையில் ஒரு கமெரா பெட்டியோடு கிடந்தது, மொதலாளியின் மருமகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. அதை ஓடவைக்கிற டிஸ்க்கை யாரோ தொலைத்துவிட்டிருந்தார்கள். ஆக, இரண்டு விஷயம் இறக்க வேண்டும், பேசுகிற புரோகிராம் ஒன்று, கமெராவுக்கானது ஒன்று. முதல் நாள் காலையில் தொடங்கினேன். திரையில் அந்த நீலக் கோடு ஒரு விரற்கடை நகர்ந்தது. இரண்டு விரற்கடை. பாதிக்கு வந்தபோது லைன் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. அடுத்த நாள் முக்கால்வாசி வந்தது, அப்போது தூரத்தில் இடி முழங்கியது. எங்கள் பக்கத்தில் முதல் இடிச் சத்தம் கேட்டதும் எல்லா வீட்டிலும் டீவி வயரையும் டெலிபோன் வயரையும் பிடுங்கிவிடுவார்கள். மொதலாளி ஓடிவந்து பிடுங்கினார். நான் மேசையில் அடித்த அடியில் ஸ்டேப்ளர் கீழே விழுந்தது. லெட்சுமி என்றார் அவர்.

பெரியம்மா மகன் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை செய்தார். அண்ணனுக்கு எடுத்து, ஒப்பாரி வைத்தேன். அவர் முதலில் சீடியில் போட்டு பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினார். எங்கள் மெஷின் சீடியை உள்ளே இழுக்கும், ஆனால் வாசிக்காது. பிறகு ஃப்ளொப்பிகளில் அனுப்பினார். கொண்டக்டர் பத்திரமாக வைப்பதாக நினைத்து, முன்சீட்டில் எஞ்சின் மூடியின் மேலே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவிசாவளை தாண்டுவதற்குள் எல்லாம் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன.

பிறகுதான் அண்ணன் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். கமெராவின் புரோகிராமில் முக்கால்வாசி தேவையில்லாத சாமான், விளையாட்டு, பூப்போட்ட படச்சட்டம், பதினைந்து பாஷையில் விளக்கம். அவற்றையெல்லாம் கழித்துவிட்டு, வேண்டியதை மட்டும் எடுத்து, பேசுகிற புரோகிராமோடு சேர்த்து அமுக்கினார். அமுக்குவது என்றால் என்ன என்று கேட்டேன். பச்சைக் கொழுந்தை வாட்டி உருட்டித் தேயிலை ஆக்குகிறார்களே, அதுபோலத்தான், சுருங்கியது வெந்நீர் பட்டதும் விரியும் என்றார். அவருடைய அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர், எதைக் கேட்டாலும் தேயிலையில்தான் பதில் வரும். அமுக்கியதை அப்படியே அனுப்பாமல் பதினொரு துண்டாக வெட்டினார். ஒவ்வொரு துண்டும் லைன் அறுவதற்குள் இறங்கிவிடுகிற அளவு, ஒரு ஃப்ளொப்பியில் அடங்குகிற அளவு. ஒன்று சொதப்பினால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி இறக்கினால் போதும். ஆனால் பதினொன்றும் சேர்ந்தால்தான் விரியும், ஒரு துண்டு குறைந்தாலும் மற்ற பத்தும் வெறும் குப்பை என்று இரண்டு தரம் சொன்னார்.

ஒரு ஈ-மெயிலுக்கு ஒரு துண்டு. என்னுடைய பெட்டியில் இரண்டு துண்டுக்குமேல் கொள்ளாது, அதனால் ஒன்றை இறக்கியதும் அந்தக் கடிதத்தை அழித்தால்தான் அடுத்தது வர இடம் கிடைக்கும். காலையில் கடை திறந்ததும், இடி வராத நேரம் பார்த்து, ஒரு துண்டு. சில நாள் ஒன்றும் வராது. வந்த துண்டை உடனே ஃப்ளொப்பியில் போட்டு, மேலே நம்பர் எழுதி, மேசை லாச்சியில் வைத்துவிடுவேன். ஏனென்றால் எங்கள் மெஷினுக்கு அடிக்கடி வைரஸ் வரும். திருத்த வருகிற சிங்களப் பொடியன் எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் துடைத்து அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிவிட்டுப் போவான்.

அந்த மூன்று வாரமும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பாள், இன்னைக்கி எத்தன? ஏழு என்பேன். எட்டு என்பேன். அக்காவே துண்டு துண்டாக வயர் வழியாக ஊருக்கு வந்துகொண்டிருப்பதாக அம்மாவுக்கு ஒரு நினைப்பு. எனக்கும்தான். எட்டாவது துண்டு வந்த அன்று அக்காவுடைய பழைய சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படுத்தேன். அது எனக்கு இறுக்கமாக இருந்தது.

பதினோராவது துண்டு வந்தது சரஸ்வதி பூஜைக்கு இரண்டு நாள் முன்னால். நான் உடனே எல்லாவற்றையும் சேர்த்து விரித்திருக்க வேண்டும். ஆனால் அன்று மத்தியானமே மொதலாளி கடையைப் பூஜைக்குத் துப்புரவு பண்ணத் தொடங்கிவிட்டார். சுவர் கழுவி, ஃபேன் துடைத்து, அந்தக் கையோடு திருத்துகிற பொடியனையும் கூப்பிட்டு மெஷினையும் உள்ளே வெளியே சுத்தமாக்கச் சொல்லிவிட்டார். அவன் வழக்கம்போல எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினான். எனக்குக் கவலை இல்லை, லாச்சியில் பதினொன்றும் இருந்தன. பூஜைக்கு வைத்த பிறகு, விஜயதசமி காலையில்தான் மெஷினில் கைவைக்கலாம் என்றார் மொதலாளி. சரி, மூன்று நாள்தானே.

ஆயுத பூஜை அன்று கடையில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். கொப்பி மெஷினுக்கு, டெலிபோனுக்கு, கத்திரிக்கோலுக்கு, ஸ்டேப்ளருக்கு. எனக்கு ஆயுதம் எது என்று யோசித்தேன். லாச்சியைத் திறந்து பதினொரு ஃப்ளொப்பியையும் எடுத்து, ஒரு தட்டில் வாழையிலை போட்டு, வரிசையாக அடுக்கினேன். நன்றாக அரைத்த ஈரச் சந்தனம். பொட்டு வைப்பதென்றால் நெற்றியில்தானே வைக்க வேண்டும். ஃப்ளொப்பிக்கு நெற்றி என்றால் அந்த வெள்ளித் தகடுதான் என்று எனக்குப் பட்டது. ஒவ்வொன்றின் தகட்டிலும் விரலால் ஒற்றி, நடுவில் குங்குமம் வைத்து, அம்மாவின் கண்ணை நினைத்துக் கும்பிட்டேன். மனதார, கண்ணீர் விட்டுக் கும்பிட்டேன். சந்தனம் தகட்டின் ஓரத்தில் உள்ளே இறங்குவதைப் பார்க்கவில்லை.

விஜயதசமி வெள்ளிக்கிழமையில் வந்தது. அம்மா காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். புதுச்சேலை, தலையில் பூ, நெற்றியில் பெரிய பொட்டு. அக்கா மத்தியானம் எடுப்பாள். நான் மெஷினைப் போட்டு, ஃப்ளொப்பிகளைத் துணியால் துடைத்து, முதலாவதை உள்ளே தள்ளினேன். கர்ர் என்று ஒரு சத்தம். வாசிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. வெளியே இழுத்து இரண்டாவதைத் தள்ளினேன். கர்ர். மூன்றாவதையாவது வாசி என்று தள்ளினேன். மொதலாளி ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. நான்கு, ஐந்து, ஆறு. இடித்து இடித்துத் தள்ளினேன். பதினொன்றையும் தள்ளி முடித்தபோதுதான் நிறுத்தினேன், தள்ள வேறு எதுவும் இல்லை என்பதால்.

திருத்துகிற பொடியன் வந்து ஃப்ளொப்பி போடுகிற பகுதியைக் கழற்றிக் காட்டினான். உள்ளே வாசிக்கிற ஊசித்தலையில் சந்தனம் காய்ந்து மண்கட்டியாக ஒட்டியிருந்தது. முதல் ஃப்ளொப்பியில் இருந்து அங்கே ஒட்டியது, அடுத்தடுத்துப் போட்ட ஒவ்வொன்றையும் கீறிவிட்டிருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது, என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டு, தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் நங்கி என்று கூப்பிட்டுச் சொன்னான்.

"நங்கி, முதலாவதோட நிப்பாட்டியிருந்தா, மத்ததெல்லாம் தொடச்சு எடுத்திருக்கலாம்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பள்ளிக்கூடத்தில் ஆயிரம் தரம் எழுதியிருக்கிறேன். கடிதங்களையும் நானே அழித்துவிட்டேன். மெஷினிலும் இல்லை. அம்மா வாசல் பக்கத்து நாற்காலியில் பூ வைத்த தலையோடு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய்ச் சொன்னேன். நான்தான் அம்மா கெடுத்துவிட்டேன் என்று சொன்னேன். சாமிக்கு வைத்தது தப்பில்லை, பதறாத காரியம் சிதறாது, அவ்வளவுதான் என்றாள். ஏசவே இல்லை. ஏசியிருந்தால் தேவலை. அக்கா எடுத்தபோது, அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று அம்மாவே ரிசீவரில் சொன்னாள்.

அடுத்த கிழமை நடக்கவில்லை. அண்ணன் அந்தக் கடையை விட்டு வேறு இடம் போயிருந்தார், அவரும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. ஐப்பசி மழை தொடங்கியது. ஒரு மரம் டெலிபோன் வயரின்மேல் விழுந்து, லைன் ஒன்றரை மாதம் செத்துக் கிடந்தது. அந்த நாட்களில் அம்மா வேலைக்குப் போவதை நிறுத்தினாள். தேத்தண்ணி ஊற்றும்போது விரலைக் கோப்பைக்குள் விட்டு அளந்தாள். நான் கதவைத் திறந்தால், முகத்தைப் பார்க்காமல் காலடியைக் கேட்டு, வந்துட்டியா என்றாள். கேட்கிற ஒவ்வொரு தரமும் எனக்கு என்னையே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இன்றைக்கும் சந்தன வாசம் வந்தால் நான் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன். எத்தனை துண்டு என்று அம்மா கேட்பதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

தை பிறந்து வெயில் ஏறியதும் லைன் உயிர்பெற்றது. மறுபடி காலைக்கு ஒரு துண்டு. இந்தத் தரம் வாயைத் திறக்கவில்லை, மேசையை அடிக்கவில்லை, யாரையும் மெஷினைத் தொட விடவில்லை. பதினொன்றும் வந்து சேர்ந்து, விரி என்று அழுத்தியபோது ஒவ்வொன்றாக நம்பர் ஓடியது. விரிந்தது. திரையின் மேலே வைத்த கமெராவின் சின்ன விளக்கு பச்சையாக எரிந்தது. அந்தப் பெண் போவதற்கு முன் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை.

அம்மா அதே சேலையில் வந்தாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து மெஷினுக்கு முன்னால் உட்கார வைத்தேன். மோடம் கத்தி முடித்தது. கொஞ்சநேரம் கழித்துத் திரையில் ஒரு தீப்பெட்டி அளவுக்குப் படம் வந்தது. கட்டம் கட்டமாக, நாலைந்து விநாடிக்கு ஒரு தரம் அசைகிற படம். அக்கா. தலையில் கறுப்புத் துணி, முகம் உருண்டு, கன்னம் வைத்து, எங்கள் அத்தை மாதிரி ஆகியிருந்தாள். ஐந்து வருடம் தேடின முகம் அது.

பேச்சுச் சத்தம் வருகிற பெட்டி மேசையின் இடப்பக்க ஓரத்தில், ஜன்னலடியில் இருந்தது. அம்மா, என்னயத் தெரியுதாம்மா என்று அதிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அம்மா முகம் மலர்ந்து, சட்டென்று அந்தப் பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"நல்லாத் தெரியுது. ஏன் இப்பிடி மெலிஞ்சி போயிட்ட?"

நான் திரையைப் பார்த்தேன். அக்காவின் படம் ஒரு கட்டத்தில் சிரித்தபடி இருந்தது. அடுத்த கட்டத்தில் வாயைக் கையால் பொத்தியிருந்தாள். அவள் பக்கத்துத் திரையில் தெரிந்திருப்பது அம்மாவின் ஒரு பக்கக் கன்னமும் காதும்தான். அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை. எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது, ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது. அம்மா ஜன்னலடிப் பெட்டியைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தாள், துணி நல்லா இருக்கு, நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் நிற்காதே என்று.

நான் அந்தப் பெட்டியை வயர் எட்டுகிற மட்டும் மெல்ல நகர்த்தினேன். திரைக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையாலும் அதைத் தூக்கி, கமெராவுக்கு நேர் பின்னால் பிடித்தேன். அக்கா மறுபடியும் அம்மா என்று கூப்பிட்டாள். அம்மாவின் முகம் குரலைத் தேடி மெதுவாகத் திரும்பி, கமெராவுக்கு நேரே வந்து நின்றது. கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன.

"அம்மா இப்ப என்னயத்தான் பாக்குறாங்க தங்கச்சி," என்றது என் கையில் இருந்த பெட்டி. "அசைக்காத. அப்பிடியே வச்சிரு."

லைன் அறும்வரை நான் கையை இறக்கவில்லை.